சீட்டு இல்லாத வண்டி

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது நான் அழவில்லை. ஒரகடம் பக்கம் ஒன்றை மூடினால் இன்னொன்றைத் திறப்பார்கள், நாற்பத்தைந்து வயது ஒன்றும் கிழடு இல்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் ஓய்வெடுக்கவில்லை. படுத்துக்கொண்டார்.

முதலில் மதியம் மட்டும் படுத்தார். பிறகு காலையிலும். பாயைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, முகத்தைச் சுவருக்கும் முதுகை எங்களுக்கும் கொடுத்துக் கிடந்தார். பிள்ளை இல்லாத வீடு; இருப்பது மூன்று பேர். முன்னறையில் மாமியார் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வார். பலகை அடிக்கிற அடியில் பாத்திரமெல்லாம் அதிரும், படுத்திருப்பவர் அசைய மாட்டார். நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் புடவையைப் பிரித்துப் போட்டு, வந்தவர்கள் “இதே கலர்ல வேற பார்டர் இல்லியா?” என்று எழுந்து போன பிறகு ஒவ்வொன்றாக மடித்து வைத்து, கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் காலையில் போட்டு வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருக்கும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கத்தியிருக்கிறேன். சுவரிடம் கத்துவதும் அவரிடம் கத்துவதும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரை எழுதினார். “ஏதாவது ஒரு விஷயத்துல அவர ஈடுபடுத்துங்கம்மா” என்றும் சொன்னார். சொல்வது சுலபம். டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்கிற மனிதரை எதில் ஈடுபடுத்துவது? காலையில் கடைக்குக் கிளம்பும்போது மாமியாரிடம், “அத்த, அப்பப்போ உள்ள எட்டிப் பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவேன். ஏன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த மனிதர் உயிரோடு இருக்க ஆசைப்பட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை வெளியே சொல்லவே நாக்கு கூசியது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் பழைய கம்பெனி ஆள் ஒருவரிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டு அவர் சுவரை விட்டுத் திரும்பிப் படுத்தார்.

“அந்த வண்டிய எடைக்குப் போடப் போறாங்களாம்” என்றார்.

மாதக்கணக்கில் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எந்த வண்டி என்று எனக்குத் தெரியும். கம்பெனியில் ஒரு ஸ்பெயின்காரர் எஞ்சினியராக இருந்தார். தன் ஊரிலிருந்து சாமான்களோடு ஒரு பழைய டிரையல்ஸ் வண்டியையும் கொண்டு வந்திருந்தார். டிரையல்ஸ் என்றால் பந்தயம் இல்லை. வேகமே கிடையாது. பாறை மேலும் கல் மேலும் நடை வேகத்தில் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் படக்கூடாது, அவ்வளவுதான். முழு நேரமும் நின்றுகொண்டே ஓட்டுவதால் அந்த வண்டிக்கு உட்கார சீட்டே இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாறைக்குப் போகும்போது, வண்டி சாய்ந்தால் கீழே நின்று பிடிக்க என் வீட்டுக்காரரை அழைத்துப் போவார். இவர் ஒரு நாளும் அதை ஓட்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நின்று காட்டுவார், முட்டியை மடக்கி, கையை நீட்டி, இல்லாத வண்டியில். நான் சிரிப்பேன். ஸ்பெயின்காரர் ஊர் திரும்பியபோது வண்டியை வாடகை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

“வாங்கலாமா?” என்று கேட்டேன்.

“எனுக்கு ஓட்டத் தெரியாதும்மா.”

“கத்துக்கலாம். எழுந்து சட்டைய போடுங்க.”

அவர் எழுந்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டி அந்த வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மேலே கோழி அடைந்து அடைந்து டேங்க் வெள்ளையாகிவிட்டது. டயர் இரண்டும் தரையோடு ஒட்டியிருந்தன. அந்த வீட்டு ஓனர் நல்ல மனிதர், சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “சீட்ட எவனோ திருடிக்கினு போயிட்டான்மா. லைட்டும் இல்ல. நீங்க பாத்துக் குடுங்க” என்றார். என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன். நாள் முழுக்கப் பேரத்தில் நிற்கிறவள் நான், எனக்கா தெரியாது? திரும்பி வரும் வழியில் லோடு ஆட்டோவில் வண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், “பாவம்மா அந்தாளு” என்றார். சிரித்தமாதிரிகூட இருந்தது.

தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. “இன்னாபா, முக்காவாசி வண்டி தான் குடுத்தாங்களா?” என்று கேட்டார்கள். மாமியார் தறிக்குழியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, “குந்துறதுக்கே இடமில்லாத வண்டிக்கு இவ்ளோ ஆசையா?” என்றார். ஆனால் மகன் எழுந்து நடமாடுகிறானே என்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்தார்.

பிரித்துப் போட்டபோதுதான் தெரிந்தது, அதில் நல்லதாக இருந்தது குறைவு. பழைய பெட்ரோல் கார்ப்ரேட்டருக்குள் கோந்தாக இறுகியிருந்தது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஏர் பில்டர் ஸ்பாஞ்சு தொட்டால் பொடியாக உதிர்ந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் ஆயில் கசிந்தது. பழைய வண்டி உதிரிகள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் வேறு வண்டியின் சாமான்களில் எது பொருந்தும் என்று அளந்து அளந்து வாங்கி வந்தார். பின் டயர் கிடைக்கவே இல்லை. கடைசியில் வெளிநாட்டு டயர் ஒன்றைச் சொல்லி வரவழைத்தோம். எஞ்சினை லேத்துக்குக் கொடுத்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து வாங்கினோம். அது வந்த நாளில் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

நானும் கூட இருந்தேன். கடையிலிருந்து வந்ததும் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கேஸ்கெட் காகிதம் வெட்டினேன், துருவைத் தேய்த்தேன், நட்டுகளை டிபன் டப்பாக்களில் பிரித்துப் போட்டேன். சக்கரத்துக்குப் புது ஸ்போக்ஸ் கம்பி கோத்துப் பெண்டு எடுத்தபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை. கம்பிகளை விரலால் சுண்டி, எது தளர்ந்திருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்று சொன்னேன். சின்ன வயதில் தறியில் பாவு இழைகளைத் தடவித் தடவிப் பார்த்த கை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “பரவாயில்லியே” என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் வாங்கிய பாராட்டுகளை எண்ணிவிடலாம், அதில் இதுவும் ஒன்று.

புதிதாக ஓட்டப்போகிறவர் என்பதால் வண்டியைச் சாதுவாக்கினோம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சட்டென்று பாயாமல் மெல்ல எழும்பும்படி வைத்தார். டயரில் காற்று பாதிகூட இருக்கக்கூடாது, அப்போதுதான் பாறையைக் கவ்வும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, பஞ்சர் கடைக்காரர் எங்களைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். விடியற்காலையில் எங்கள் தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக நீட்டிக் கட்டுவார்கள். அதைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு தெரு காலியாக இருக்கும். அங்கேதான் பழகினார். எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டி மேல் நின்று, கால் ஊன்றாமல் இருக்க வேண்டும். முதல் நாள் நின்றார் என்றே சொல்ல முடியாது. விழுந்தார், எழுந்தார், விழுந்தார். ஒவ்வொரு தடவையும் நான் வாசலை விட்டு இறங்கி ஓடினேன். ஆனால் பாயில் கிடந்த மனிதர் தெருவில் விழுகிறார் என்றால் அது முன்னேற்றம்தானே?

முழுதாகச் சரியாகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி பாதியில் நின்றுவிடுவார். என்ன என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல” என்பார். சாப்பாட்டில் பாதியை வைத்துவிடுவார். வண்டி முடிய முடிய அவர் பேச்சும் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன். வேலை தீர்ந்துவிடுகிறதே என்ற கவலையாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி, புதிதாக எதைத் தொடங்கினாலும் அன்றைக்குத் தொடங்கலாம், அன்றே பாறைக்குப் போகலாம் என்று மாமியார் சொன்னார். அவரும் சரி என்றார். பாலாற்றங்கரையில், திருமுக்கூடலுக்கு எதிர்ப்பக்கம் உள்ள குன்றடியில்தான் ஸ்பெயின்காரர் ஓட்டுவாராம்.

பூஜை அன்று தறிக்கு ஓய்வு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறி நிற்கிற நாளில் இரும்பு துரு ஏறும் என்று கத்தரி, ஊசி, கொக்கி, ராட்டைக் கதிர் எல்லாவற்றையும் மாமியார் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார். பிறகு இன்னொரு காய்ந்த துணியால், எண்ணெய் தடவியதே தெரியாத அளவுக்கு ஒற்றி எடுப்பார். ஒரு துளி மிச்சமிருந்தாலும் பட்டில் கறை ஏறிவிடும் அல்லவா? அதற்கப்புறம்தான் சந்தனம், குங்குமம். நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தபோது மாமியார் வண்டியருகே குந்தி உட்கார்ந்து, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். மகனைப் பாயிலிருந்து எழுப்பிய வண்டி. கும்பிடும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் தண்ணீர் கேன் போடும் லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனோம். நான் கடையில் லீவு சொல்லியிருந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலும் அதிகம் இல்லை. குன்றடியில் பாறைகள் வெயிலில் கிடந்தன. அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கீழே மண்ணில் மெதுவாக இரண்டு சுற்று வந்தார். பிறகு முட்டியளவு கல் ஒன்றில் ஏறி இறங்கினார். ஆட்டோக்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன். அடுத்து எதில் ஏறுவார் என்று பார்த்தால், ஆள் உயரத்துக்கு மேல் சரிந்து கிடந்த பெரிய பாறையைப் பார்த்து வண்டியைத் திருப்பினார்.

“அது வேணாங்க, இன்னொரு நாளைக்கு!” என்று கத்தினேன்.

ஏறிவிட்டார். முக்கால் பாறை வரை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அங்கே எஞ்சின் அணைந்தது. அணைந்தால் முன்பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டும். வண்டி நிற்கவில்லை. பின்னாலேயே சறுக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, அவரையும் இழுத்துக்கொண்டு கீழே வந்து விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. நான் ஓடியது நினைவில்லை; அவர் பக்கத்தில் இருந்தேன். வலது கை வண்டிக்கு அடியில், பிரேக் லிவருக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியிருந்தது. விரல்கள் பார்க்கிற மாதிரி இல்லை.

ஆட்டோக்காரர் அவரைத் தூக்கி நிழலில் உட்கார வைத்தார். நான் வண்டியை நிமிர்த்தினேன். அது சரிவில் உருளப் பார்த்தது. முன்பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தும் உருண்டது. குனிந்து, பிரேக் கவ்விப் பிடிக்கிற சக்கரத்து டிஸ்க் தகட்டைத் தொட்டேன். கண்ணுக்குப் பளபளவென்று சுத்தமாக இருந்தது, விரலில் வழுக்கியது. முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய். அதற்குப் பக்கத்தில் குங்குமப் பொட்டு.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துடைத்த கை யாருடையது, ஏன் துடைத்தது, ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பது வரைக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மூன்று விரல் முறிவு. வலது கையில் முழங்கை வரை கட்டு. வீட்டுக்கு வந்ததும் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, “தெருக்கண்ணு அத்தினியும் என் புள்ள மேல” என்று அழுதார். நான் சுற்றிய மிளகாயை வாங்கி அடுப்பில் போட்டேன். எண்ணெய் விஷயம் தெரிந்தால் இந்தம்மா தறியில் உட்காரவே மாட்டார், சோறு தண்ணி இறங்காது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என் வீட்டுக்காரர் மறுபடி பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார். “எனுக்கு இதுவும் வரல” என்று ஒரு தடவை சொன்னார். அத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வார்த்தை என்னை அரித்தது. மாமியாரைக் காப்பாற்ற நான் வாயை மூடினால், இவர் தன்னாலேதான் விழுந்தோம் என்று நினைத்து நினைத்தே உள்ளுக்குள் கரைந்துவிடுவார். வாயைத் திறந்தால் பெற்ற கைதான் தள்ளியது என்று ஆகிவிடும். கடையில் புடவையைத் தப்பாக மடித்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், இவரிடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்னறையில் தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே பேசுவது அங்கே கேட்காது. தயிர்ச்சோறு பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

“உங்க மேல தப்பில்லீங்க” என்றேன். “டிஸ்க்குல எண்ணெ இருந்துச்சு. அத்த பூஜை அன்னிக்கி தொடச்சிருக்காங்க. நீங்க புடிச்சது சரியாத் தான் புடிச்சீங்க. அது தான் நிக்கல.”

வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“ஆட்டோவுல இருந்து எறக்கும்போதே தெரியும்மா. லிவர அழுத்துனேன், நிக்கல. மோந்து பாத்தேன். அம்மா தான் தொடச்சிருக்கும்னு நெனச்சேன்.”

எனக்குக் கை அந்தரத்தில் நின்றது. “தெரிஞ்சுமா ஏறுனீங்க?”

“புடிச்சா புடிக்கட்டும், புடிக்காட்டி போவட்டும்னு ஏறுனேன்” என்றார். மழை வரும்போல இருக்குது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

சோற்றுக் கையோடு அவரை அடித்தேன். தோளில், முதுகில், எங்கே படுகிறது என்றே பார்க்காமல். “எனுக்கு யாரு இருக்கா? யாரு இருக்கா சொல்லுங்க!” என்று கேட்டேன். கம்பியைச் சுண்டியதும் துருவைத் தேய்த்ததும் எல்லாம் இதற்காகவா என்று கேட்டேன். அவர் அடியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்கத் தயிர். இத்தனை நாள் பெயர் வைக்காமல் பயந்ததை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன்.

சட்டையிலிருந்த தயிரை நான் துடைத்து முடித்தபோது அவராகவே பேசினார்.

“வண்டி பின்னால சறுக்குனா வுட்டுட்டு குதிச்சுறணும். அந்த ஸ்பெயின்காரரு அத படிச்சுப் படிச்சு சொல்லுவாரு. எனுக்கு வுட முடியலம்மா. பிரேக்கு புடிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் கை அழுத்திக்கினே இருக்குது. கீழ வர்ற வரைக்கும் வுடல. அதுல தான் வெரலு மாட்டிக்கிச்சு.”

சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ தன்னிடம் வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி, புரியாமல் பார்த்தார். நான் அந்தக் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மேலே ஏறிய மனிதர் போனால் போகட்டும் என்றுதான் ஏறினார். ஆனால் இந்தக் கை இவரைப் பிடித்து நிறுத்தத்தான் பார்த்திருக்கிறது, எனக்குப் பிடித்துக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

“அது கிட்ட சொல்லாத” என்றார், தறிப் பக்கம் தலையைக் காட்டி. சரி என்றேன்.

டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். மருந்தை மாற்றினார், வாரா வாரம் வரச் சொன்னார், போகிறோம். கட்டைப் பிரித்த பிறகு, எண்ணெய் குடித்த பிரேக் பேடுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டோம். அடுத்த ஆயுத பூஜைக்கு வண்டியை நான் துடைத்து நானே பொட்டு வைத்தேன். மாமியார் ஏன் என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு விரல்கள் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. முட்டியளவு கல்லுக்கு மேல் ஏற நான் விடுவதும் இல்லை. குன்றடிக்குக் கிளம்புகிற நாளில் நான் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அவர் பின்னாலிருந்து முழு பலத்தோடு தள்ள வேண்டும். சக்கரம் ஒரு இம்மி நகராவிட்டால்தான் ஆட்டோவில் ஏற்றலாம்.

அவர் எழாத நாளும் உண்டு. அன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பும் முன் வண்டியிடம் போய், நானே தள்ளி, நானே பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.